செடார் சீஸில் அன்னாசி வாசனை: பாக்டீரியாவின் எஸ்டரேஸ் வேலையா, வேறு ஏதாவதா?

வைகாட்டோ வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நியூசிலாந்தில் ஹாமில்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேலை கணினியோடு, வார இறுதி மட்டும் பாலோடு. இங்கே நல்ல பால் சுலபமாகக் கிடைப்பதால் வீட்டில் சீஸ் செய்யும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஜனவரியில் ஒரு செடார் போட்டேன். கடையில் வாங்கிய பாஸ்டரைஸ் செய்த பால், ஹோமோஜினைஸ் செய்யாதது. வழக்கமாகப் போடும் செடார் ஸ்டார்ட்டர் (பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா உறை) கடையில் இல்லை. அதனால் 'அரோமா' வகை மீசோஃபிலிக் (மிதமான சூட்டில் வளரும்) ஸ்டார்ட்டர் பாக்கெட் வாங்கிப் போட்டேன். பாலை உறையவைக்கும் ரென்னட், வெட்டு, சூடு, அழுத்தம் எல்லாம் வழக்கம்போல. மாமியாருக்கு ரத்த அழுத்தம் என்பதால் உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். மெழுகு பூசி, 13 டிகிரியில் வைத்த சின்ன ஒயின் குளிர்பெட்டியில் வைத்தேன். பிப்ரவரி வெயிலில் அந்தப் பெட்டி திணறியது. சில நாள் 17, 18 டிகிரி காட்டியது.

மே மாதம் வெட்டினேன். வெட்டியவுடன் குப்பென்று அன்னாசிப்பழ வாசனை! சீஸ் வாசனை பின்னால் மெதுவாகத்தான் வந்தது. உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள். கசப்பு இல்லை, பூஞ்சை இல்லை. மனைவிக்குப் பிடித்திருக்கிறது. மாமியார் 'இது கெட்டுப்போன பழம்' என்று தொடவில்லை.

இணையத்தில் தேடினால் எத்தில் ப்யூட்டிரேட் என்கிற எஸ்டர்தான் இந்த வாசனை, பாக்டீரியாவின் எஸ்டரேஸ் என்சைம் அதை உண்டாக்குகிறது என்று இருக்கிறது. எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று: எஸ்டரேஸ் என்றால் எஸ்டரை உடைக்கும் என்சைம் என்றுதான் படித்தேன். அதுவே எப்படி எஸ்டரை உண்டாக்கும்? அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கும் சீஸுக்குள்ளே?

இரண்டு: எல்லா ஸ்டார்ட்டரிலும் இந்த என்சைம் இருக்கிறது என்றால், என் முந்தைய செடார்களில் ஏன் இந்த வாசனை வரவில்லை? கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்சைம் எதுவும் தனியாகச் சேர்க்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், சாப்பிடலாமா?

---

மோர்க்குழம்பு எழுதியது:

சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு மனைவிக்குப் பிடித்திருக்கிறது என்கிறீர்களே, அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார் போலிருக்கிறதே. அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு மாமியாருக்குப் பதில் சொல்லுங்கள்.

---

ட்ரையர் அக்கா எழுதியது:

வாசி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் விஷயம் இருக்கிறது. என்சைமைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தொங்குகிறார்கள். அந்த என்சைம் உங்கள் எல்லா செடாரிலும் இருந்தது. இந்த முறை புதிதாக வந்தது ஆல்கஹால்.

நான் இங்கே நியூசிலாந்தில், தாரனாகியில் ஒரு சீஸ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் இருந்தேன். சீஸைத் தரம் பிரிக்கும் கிரேடிங் அறையிலும் நின்றிருக்கிறேன். ட்ரையர் என்று ஒரு இரும்புக் குழல் உண்டு. அதைக் கட்டிக்குள் செருகி, அரைத் திருகல் திருகி இழுத்தால் விரல் நீளத்துக்குச் சீஸ் வரும். வந்த அந்த விநாடியே மூக்குக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் வாசனை போய்விடும். அப்புறம் ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துச் சூடாக்கி மறுபடி முகர வேண்டும். நீங்கள் சொல்லும் இந்தப் பழவாசனை முதல் முகர்வில் கத்தும், தேய்த்தபின் குறையும். எத்தில் எஸ்டர்கள் லேசானவை, சீக்கிரம் பறந்துவிடும்.

செடார் வியாபாரத்தில் இதற்குப் பெயர் 'குறை'. அமெரிக்க வேளாண்துறையின் செடார் தர விதிகளில், கசப்பு, புளிப்பு மாதிரி இதுவும் தனியாகப் பெயர் போட்ட ஒரு குறை. ஆப்பிளை நினைவூட்டும் நொதித்த பழவாசனை, வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகும் என்று அதற்கு விளக்கம். கூடிக்கொண்டே போகும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1965இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பில்ஸ், மார்கன், லிப்பி, டே ஆகிய நால்வர் இப்படிப் பழவாசனை அடித்த செடார்களை எடுத்து உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். வாசனைக்குக் காரணம் எத்தில் ப்யூட்டிரேட்டும் எத்தில் ஹெக்சனோயேட்டும். முதலாவது அன்னாசி, இரண்டாவது ஆப்பிள், அன்னாசி இரண்டுக்கும் நடுவில். இதோடு அவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள்: வாசனை அடித்த கட்டிகளில் எத்தனால், சாதாரணக் கட்டிகளைவிடப் பல மடங்கு இருந்தது. அறுபது வருடம் கழித்தும் நான் அந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எஸ்டருக்கு ஒரு அமிலம் வேண்டும், ஒரு ஆல்கஹால் வேண்டும். அமிலத்துக்குப் பஞ்சமே இல்லை. பால் கொழுப்பின் எடையில் 3 முதல் 4 சதவீதம் ப்யூட்டிரிக் அமிலம். மாடு, எருமை, ஆடு என்று அசை போடும் பிராணிகளின் கொழுப்புக்கே உரிய விஷயம் இது. கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் இது கிடையாது. செடாரில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஆகவே சரக்கு மலைபோல் கிடக்கிறது. ஆனால் எத்தனால்? நல்ல செடார் ஸ்டார்ட்டரில் இருக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பால் சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுக்க லாக்டிக் அமிலமாகவே மாற்றும். ஆல்கஹால் துளிதான் வரும். அதனால் என்சைம் கையில் அமிலத்தை வைத்துக்கொண்டு ஆளில்லாமல் நிற்கும். எத்தனால் எவ்வளவோ, எஸ்டர் அவ்வளவு.

இப்போது உங்கள் பாக்கெட்டைப் பார்ப்போம். 'அரோமா' வகையில் பெரும்பாலும் லாக்டிஸ், கிரெமோரிஸோடு டையசிட்டிலாக்டிஸ், லூகோநாஸ்டாக் என்கிற பாக்டீரியாக்களும் இருக்கும். கௌடா மாதிரி சீஸுக்கும், வெண்ணெய் வாசனைக்கும் போடுவது. இதில் லூகோநாஸ்டாக் சர்க்கரையை வேறு வழியில் உடைக்கும்: ஒரு குளுக்கோஸுக்கு ஒரு லாக்டிக் அமிலம், ஒரு கார்பன் டை ஆக்சைடு, கூடவே ஒரு எத்தனால் அல்லது அசிட்டிக் அமிலம். காற்றோ, பாலில் இயல்பாக உள்ள சிட்ரேட்டோ கிடைத்தால் அசிட்டிக் பக்கம் சாயும். அடைபட்ட கட்டிக்குள், சிட்ரேட் தீர்ந்துபோனபின், எத்தனால் பக்கம் சாயும். போதாக்குறைக்கு மற்றவை விட்டுச் செல்லும் அசிட்டால்டிஹைடையும் எத்தனாலாக மாற்றி வைக்கும்.

நீங்கள் சொன்ன வட்ட ஓட்டைகளும் ஒரு தடயம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டையசிட்டிலாக்டிஸ் சிட்ரேட்டை உடைக்கும்போதும் அதே வாயு வரும், அதோடு ஆல்கஹால் வராது.

அப்புறம் உப்பு. மாமியார் மேல் உள்ள அக்கறை நல்லதுதான். ஆனால் செடாரில் உப்பு ருசிக்காக மட்டும் போடுவதில்லை. பால்மர்ஸ்டன் நார்த்தில் இருந்த பால் ஆராய்ச்சி நிலையத்தில் கில்லஸும் லாரன்ஸும் 1973இல் ஒரு தர அட்டவணை போட்டார்கள். இன்றுவரை இந்த நாட்டு ஆலைகள் அதைப் பின்பற்றித்தான் பேசுகின்றன. மொத்த உப்பு எவ்வளவு என்பதை அவர்கள் பார்க்கவில்லை. சீஸில் உள்ள தண்ணீரில் எத்தனை சதவீதம் உப்பு என்றுதான் பார்த்தார்கள். முதல்தரச் செடாருக்கு அது 4.7 முதல் 5.7 வரை. ஈரம் 37, உப்பு 1.8 என்றால் கணக்கு 4.9 வரும், சரி. நீங்கள் உப்பை 1.3க்கு இறக்கி, ஈரமும் 40 இருந்தால் 3.25தான். அந்த உப்பில் ஸ்டார்ட்டரும் அடங்காது, வெளியிலிருந்து வந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களும் அடங்கா. மிச்சமிருக்கும் சர்க்கரையை அவை எப்படி வேண்டுமானாலும் தின்னும். அதற்கு மேல் பிப்ரவரியில் 18 டிகிரி வேறு.

ஆக பாக்கெட், உப்பு, சூடு மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. எந்த ஒன்று என்று கேட்டால் நான் பாக்கெட் என்றுதான் பந்தயம் கட்டுவேன்.

சாப்பிடலாமா என்றால், இந்த எஸ்டர்களால் கெடுதல் இல்லை, பழங்களில் இருப்பவைதான். கட்டி உப்பாமல், பிசுபிசுக்காமல், அழுகல் வாடை இல்லாமல் இருந்தால் நான் சாப்பிடுவேன். முதல் கேள்விக்கு இரவு வந்து எழுதுகிறேன், கை வலிக்கிறது.

---

திருச்சி வேதியியல் எழுதியது:

ட்ரையர் அக்கா விரிவாக எழுதியதற்கு நன்றி. நான் மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிளஸ் டூ செய்முறையில் கார்பாக்சிலிக் அமிலச் சோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும்: ஆல்கஹால் சேர்த்து, அடர் கந்தக அமிலம் விட்டு, சூடாக்கி, 'இனிய பழமணம்' என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். (பாதிப் பையன்கள் முகராமலேயே எழுதுவார்கள்.) அங்கே கந்தக அமிலம் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் வினை முன்னோக்கிப் போகிறது. இது ஒரு சமநிலை வினை. தண்ணீர் நிறைந்த இடத்தில் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் ஆவதைவிட, இருக்கிற எஸ்டர் உடைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். என்சைம் சமநிலையை மாற்றாது, வேகத்தைத்தான் மாற்றும். அப்படியானால் வாசி கேட்ட முதல் கேள்வி நியாயமானதுதானே? சீஸுக்குள் இது எப்படி நடக்கும்?

---

ட்ரையர் அக்கா எழுதியது:

சார், சரியான இடத்தில் பிடித்தீர்கள். நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் பாக்டீரியா அந்த வழியில் போகவே இல்லை.

அமிலம் தனியாக வெளியே வந்து, பிறகு ஆல்கஹாலோடு சேர்ந்து, தண்ணீரை விடுவது ஒரு வழி. அதைத்தான் நாம் செய்முறை வகுப்பில் பார்த்தோம். இன்னொரு வழி இருக்கிறது. கொழுப்பே ஒரு எஸ்டர்தானே? கிளிசராலோடு அமிலங்கள் கோத்த எஸ்டர். என்சைம் அந்தக் கொழுப்பைப் பிடிக்கிறது. அமிலப் பகுதியைக் கிளிசராலிலிருந்து கழற்றித் தன்னுடைய செரின் என்கிற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றிக்கொள்கிறது. அந்த நொடியில் அமிலம் என்சைமோடு ஒட்டியிருக்கிறது, இன்னும் விடுபடவில்லை. இப்போது யார் வந்து கேட்கிறார்களோ அவர்களிடம் கொடுக்கும். தண்ணீர் வந்து கேட்டால் வெறும் ப்யூட்டிரிக் அமிலம் வெளியே வரும். எத்தனால் வந்து கேட்டால் எத்தில் ப்யூட்டிரேட். குழந்தையைத் தரையில் இறக்கிவிடாமல் ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றுகிறோம் இல்லையா, அப்படி. கணக்கில் தண்ணீர் உண்டாவதும் இல்லை, விலக்கப்பட வேண்டியதும் இல்லை. எஸ்டர் போய் எஸ்டர் வருகிறது, அவ்வளவுதான்.

ஆக ஒரே என்சைம் உடைக்கவும் செய்யும், மாற்றிக் கட்டவும் செய்யும். வாசி கேட்ட 'உடைக்கும் என்சைம் எப்படி உண்டாக்கும்' என்பதற்கு இதுதான் பதில்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்களும் பால்மர்ஸ்டன் நார்த்காரர்கள்தான். லியூ, ஹாலண்ட், க்ரோ ஆகிய மூவர். 2003இல் வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் (நம் தயிரில் இருக்கிறதே, அதேதான்) வேறு சில லாக்டிக் பாக்டீரியாக்களும் தண்ணீர்க் கரைசலிலேயே எஸ்டர் செய்கின்றன, அதுவும் கிளிசரைடிலிருந்து ஆல்கஹாலுக்கு நேரடியாகக் கைமாற்றித்தான் செய்கின்றன என்று காட்டினார்கள். கிளிசராலில் ஒரு அமிலம் மட்டும் கோத்த மோனோகிளிசரைடும், இரண்டு கோத்த டைகிளிசரைடும்தான் இவற்றுக்கு வசதி. மூன்றும் கோத்த முழு ட்ரைகிளிசரைடைக் கடிக்க இவற்றுக்குப் பல் போதாது. அதனால்தான் இவற்றை எஸ்டரேஸ் என்கிறோம், லைபேஸ் என்று சொல்லத் தயங்குகிறோம்.

இது எந்த என்சைம் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 2002இல் பிரான்ஸில் நார்டி குழுவினர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் எஸ்ட்-ஏ என்கிற ஒரே ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். சோதனைக்குழாயில் அந்தப் பாக்டீரியாவின் எஸ்டர் செய்யும் திறனில் பெரும்பகுதி போய்விட்டது. ஆக சோதனைக்குழாயிலாவது இது பெரும்பாலும் அந்த ஒரே என்சைமின் வேலை.

சமநிலை பற்றி நீங்கள் கேட்டதற்கு: கடைசிக் கணக்கில் தண்ணீர் ஜெயிக்கும் என்பது சரி. ஆனால் சீஸ் கடைசிக் கணக்கு வரை காத்திருப்பதில்லை. எத்தில் ஹெக்சனோயேட் உண்டானதும் தண்ணீரை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள கொழுப்புக்குள் போய் ஒதுங்கிவிடும். அங்கே என்சைமும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடைக்க யார் போவார்கள்? அதோடு எவ்வளவு எஸ்டர் தேவை என்பதையும் பாருங்கள். எத்தில் ப்யூட்டிரேட் தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கொழுப்பில் அதைவிட அதிகம் வேண்டும், கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால். எப்படி இருந்தாலும், என்சைம் பெரிதாக எதையும் சாதிக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். இந்த எஸ்டரேஸ் பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே துப்புவதில்லை. ஸ்டார்ட்டர் செல்கள் செத்து, உடைந்து, உள்ளிருப்பது வெளியே வந்தபின்தான் கொழுப்பை நெருங்கும். அதனால்தான் இளஞ்செடாரில் இந்த வாசனை வராமல், மாதங்கள் கழித்து வருகிறது. எல்லா ரகமும் ஒரே வேகத்தில் உடைவதில்லை. கிரெமோரிஸில் ஏஎம்2 என்ற ரகம் சீக்கிரம் உடையும், எச்பி என்ற ரகம் லேசில் உடையாது. இரண்டையும் வைத்து அயர்லாந்தில் செடார் செய்து பார்த்தபோது, சீக்கிரம் உடைகிற ரகத்தில்தான் விடுபட்ட கொழுப்பு அமிலம் அதிகம்.

---

பலெர்மோ ரயில் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமா இத்தாலி. இந்தத் திரியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நீங்கள் குறை என்று சொல்லும் இதே அன்னாசி வாசனைக்கு இங்கே கூடுதல் காசு கொடுக்கிறார்கள். நான் வேலை செய்யும் கடையில் முப்பது மாதப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ உடைக்கும்போது வாடிக்கையாளர்களிடம் 'முகர்ந்து பாருங்கள், அன்னாசி' என்று சொல்லித்தான் விற்கச் சொல்லுவார் முதலாளி. அது வேறு பொருளா, இதேதானா அக்கா?

---

ட்ரையர் அக்கா எழுதியது:

இதேதான் தம்பி. எத்தில் ப்யூட்டிரேட், எத்தில் ஹெக்சனோயேட், கொஞ்சம் எத்தில் ஆக்டனோயேட். பார்மிஜானோவில் இவை பேர் வாங்கிக் கொடுக்கும் ஆட்கள். ஆனால் அங்கே சுற்றியிருக்கும் கூட்டம் வேறு. பச்சைப் பால், முந்தின நாள் சீஸ் போக மிஞ்சிய தண்ணீரையே புளிக்கவைத்துப் போடும் உறை, குறைந்தது 12 மாத முதிர்ச்சி. புரதம் உடைந்து வரும் கொழம்புச் சுவை, உப்பு, கொட்டை வாசனை எல்லாம் பலமாக இருக்கும்போது நடுவில் ஒரு அன்னாசி வந்தால் அழகு. நாலு மாதச் செடாரில் எதிர்த்துப் பேச ஆளே இல்லை. அன்னாசி மட்டும் மேடையேறி நிற்கிறது. கிரேடர்கள் இதைக் குறை என்பதன் நியாயம் அதுதான். நான் அந்த விஷயத்தில் கிரேடர் கட்சி.

பெக்கோரினோ என்கிற இத்தாலியச் செம்மறியாட்டுப் பால் சீஸில் இன்னொரு கதை. அங்கே ஆட்டுக்குட்டி ரென்னட் பேஸ்டோடு வரும் லைபேஸ் வேலை செய்கிறது. அது பிராணியின் என்சைம், பாக்டீரியாவினுடையது அல்ல. காரமான, மூக்கைத் துளைக்கும் சுவை அதனால் வருவது. பெரிய ஓட்டைகள் உள்ள சுவிஸ் சீஸான எமென்டாலில் கொழுப்பு உடைப்பதில் பெரிய பங்கு ப்ரொப்பியோனிபாக்டீரியம் என்கிற பாக்டீரியாவுக்கு. அது நம் ஸ்டார்ட்டர் மாதிரி சாகும்வரை காத்திருப்பதில்லை, எஸ்டரேஸ் ஒன்றை உயிரோடு இருக்கும்போதே வெளியே விடுகிறது என்று 2010 வாக்கில் பிரான்ஸில் ரென்னில் கண்டுபிடித்தார்கள்.

---

சிங்காநல்லூர் ராணி எழுதியது:

எனக்குச் சீஸ் எல்லாம் தெரியாது, கடையில் துண்டு வாங்கித் தோசையில் போடுவதோடு சரி. ஆனால் ஒரு சந்தேகம். போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து ஃபிரிஜில் இருந்த பிரித்த பாக்கெட் பாலைத் திறந்தால் ஸ்ட்ராபெரி வாசனை! திரியவில்லை, புளிக்கவில்லை. பையன் 'ஃப்ளேவர்டு மில்க்' என்று குடிக்கப் போனான், பிடுங்கிக் கொட்டிவிட்டேன். இதுவும் இந்த எஸ்டர்தானா?

---

ட்ரையர் அக்கா எழுதியது:

நீங்கள் கொட்டியது சரிதான் ராணி. எஸ்டர்தான், ஆனால் செய்த கை வேறு. சூடோமோனாஸ் ஃப்ராகி என்று ஒரு கிருமி. ஃபிரிஜின் 4 டிகிரியில் மற்றவை சுருண்டு படுத்திருக்கும்போது இது சாவகாசமாகப் பெருகும். ஸ்ட்ராபெரி வாசனைக்கென்றே பேர் வாங்கியது. 1960களின் கடைசியில் அந்த ஓரிகன் குழுவைச் சேர்ந்தவர்களே இதையும் ஆராய்ந்தார்கள். இங்கேயும் அதே எத்தில் ப்யூட்டிரேட், எத்தில் ஹெக்சனோயேட், கூட எத்தில் ஐசோவேலரேட்.

பாஸ்டரைஸ் செய்யும் 72 டிகிரி, 15 விநாடியில் இந்தக் கிருமி செத்துவிடும். பாலில் அது இருக்கிறது என்றால் சூடாக்கியபின் எங்கோ நுழைந்திருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்தபின் வீட்டிலேயே நுழைந்திருக்கலாம், கத்தரிக்கோல், பாத்திரம், ஃபிரிஜ் தட்டு எதிலிருந்தும். உங்கள் பாலில் எங்கே நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

சீஸ் செய்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு வாசி. சூடோமோனாஸ் சாகும், ஆனால் இந்த இனங்கள் விட்டுப்போகும் சில லைபேஸ்கள் சூட்டுக்கு அசையாதவை. பால் சூடாக்கும் முன்பே குளிரில் நாள்கணக்கில் கிடந்திருந்தால், கிருமி போனபின்னும் அதன் என்சைம் சீஸில் மாதக்கணக்காகக் கொழுப்பைக் கடித்துக்கொண்டிருக்கும். அதனால் தேதி புதிதான பாலாகப் பார்த்து வாங்குங்கள்.

---

மோர்க்குழம்பு எழுதியது:

கோடையில் எங்கள் வீட்டுத் தயிர் வெளியே கிடந்தால் ஒருவிதக் கள்ளு வாடை, சில சமயம் வாழைப்பழ வாடை வருகிறதே, அதுவும் லாக்டிக் பாக்டீரியாவின் எஸ்டரேஸ் கணக்கில் எழுதலாமா?

---

ட்ரையர் அக்கா எழுதியது:

வேண்டாம், அது பெரும்பாலும் ஈஸ்ட் கணக்கு. காற்றிலிருந்தோ கரண்டியிலிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிட்டேட். ஈஸ்ட் அதைக் கொழுப்பிலிருந்து கைமாற்றிச் செய்வதில்லை. அசிட்டைல் கோஎன்சைம்-ஏ என்ற பொருளிலிருந்து எடுத்து, தன்னிடம் உள்ள வேறொரு என்சைமால் ஆல்கஹாலோடு கோக்கிறது. சாராயக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி அது. நெயில் பாலிஷ் வாடை வந்தாலும் அந்தப் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும், அது எத்தில் அசிட்டேட். அன்னாசி, ஆப்பிள் என்றால் ப்யூட்டிரிக், ஹெக்சனோயிக் அமிலம், அதாவது பால் கொழுப்பு. மூக்கை வைத்து ஓரளவுக்கு ஆளைப் பிரிக்கலாம்.

ஆனால் ஈஸ்ட் ஆல்கஹாலைக் கொடுத்து, லாக்டிக் பாக்டீரியாவின் எஸ்டரேஸ் அதை வாங்கி எஸ்டராக்குவதும் நடக்கும். கெஃபிர் என்கிற நொதித்த பால் மாதிரி இரண்டும் கலந்து வாழும் இடங்களில் யார் செய்தது என்று பிரிப்பது கஷ்டம். வாசியின் செடாரிலும் ஈஸ்ட் இருந்திருக்க முடியாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மெழுகு உப்பியிருந்ததா? வெட்டியபோது ரொட்டி மாவு வாடை இருந்ததா?

---

வைகாட்டோ வாசி எழுதியது:

அக்கா, மெழுகு உப்பவில்லை, ரொட்டி வாடை இல்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். லாக்டிஸ், கிரெமோரிஸ், டையசிட்டிலாக்டிஸ், லூகோநாஸ்டாக் என்று நாலு பெயர் இருக்கிறது. உப்புக் கணக்கையும் போட்டேன். ஈரம் அளக்க வழியில்லை, 38 என்று வைத்துக்கொண்டால் 3.6 வருகிறது.

ஒரு கேள்வி. ஆல்கஹால் எவ்வளவோ எஸ்டர் அவ்வளவு என்று நீங்கள் சொல்வதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? கருவி எதுவும் இல்லாமல்? இந்தக் கட்டியைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் வாசனை குறையுமா?

---

ட்ரையர் அக்கா எழுதியது:

நாலு பெயரில் கடைசிப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

குளிரில் வைத்தால் வாசனை குறையாது, கூடும் வேகம் குறையும். 8 டிகிரிக்கு மாற்றிவிட்டுச் சீக்கிரம் தின்று தீருங்கள். வெட்டி, துருவி, கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பரிமாறினால் முதல் வீச்சம் போய்விடும். சூடான ரொட்டிமேல் உருக்கினால் மாமியாருக்குத் தெரியவே தெரியாது. பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சோதனை செய்யலாம், சுலபம்தான். பழவாசனை இல்லாத உங்கள் பழைய செடார் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஆறு மாதமாவது ஆனதாக, செல்கள் உடைந்திருக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. துருவி, இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் சம எடை போடுங்கள். ஒன்றில் சில துளி வோட்கா, இன்னொன்றில் அதே அளவு கொதித்து ஆறிய தண்ணீர். கலக்கி, இறுக மூடி, உங்கள் ஒயின் பெட்டியில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து முகருங்கள். எது எது என்று தெரியாமல் இருக்க மனைவியை விட்டுப் புட்டிகளுக்கு அடையாளம் போடச் சொல்லுங்கள். வோட்காவின் வாடை முதலில் குழப்பும். அதைத் தாண்டி அன்னாசி வருகிறதா என்று பார்ப்பதுதான் விளையாட்டு. முகர்வதற்கு மட்டும், தின்பதற்கு அல்ல.

அடுத்த கட்டிக்கு லாக்டிஸ், கிரெமோரிஸ் இரண்டு மட்டும் உள்ள பாக்கெட். உப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் செடாரை விட்டுவிட்டு உப்பு குறைவாகவே செய்யும் வகை ஏதாவது பாருங்கள், எமென்டால் பாணியில் இயல்பாகவே உப்பு குறைவு. அது சின்ன அளவில் சரியாக வருவது கஷ்டம், அந்தத் தலைவலியை உங்களுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. பழைய பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் கௌடா போடுங்கள், வீணாக்க வேண்டாம்.

---

பலெர்மோ ரயில் எழுதியது:

வாசி, அந்த அன்னாசிக் கட்டியைத் தின்று தீர்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். டிக்கெட் மட்டும் நீங்கள் போடவேணும்.